எழுபத்தோராம் நாள்வரை பதில் சொன்னவர்

என் கடைக்கு மங்கி குல்லா வாங்க வந்த கோயம்புத்தூர்ப் பையன்தான் அதை முதலில் சொன்னான். "பக்கத்துக் கடை சஜ்ஜாத் பாய் இல்லீங்களா ஆண்ட்டி? காலைலதான் வாங்க ப்ரோன்னு மெசேஜ் போட்டாரு."

குல்லாவை மடித்துக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. சஜ்ஜாத்தை அடக்கம் செய்து அன்றைக்கு அறுபத்திரண்டாவது நாள். அடக்கம் செய்கிற மையவாடிக்குப் பெண்கள் போகக்கூடாது என்றார்கள். ஆனால் அவனைத் தூக்கிப் போன சந்தூக்கு எங்கள் தெருவைத் தாண்டியதை நான் என் கடை வாசலில் நின்று, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு பார்த்தேன்.

"எப்ப போட்டாரு?" என்றேன்.

"ஆறரைக்கு." செல்லைத் திறந்து என் முன்னால் நீட்டினான். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தேன். 'வாங்க ப்ரோ. குளிரு ஜாஸ்தி. ஸ்வெட்டர் மறந்துட்டா கவலைப்படாதீங்க, பக்கத்துல ராஜகுமாரி அக்கா கடை இருக்கு.'

என் பேர்! எனக்குக் குப்பென்று வேர்த்துவிட்டது. புரட்டாசி மாசத்துக் கொடைக்கானலில் ஒருத்திக்கு வேர்க்கிறதென்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பேய் பிசாசில் நம்பிக்கை உண்டா என்று என்னைக் கேட்டால், பகலில் கிடையாது என்பேன். அது பகல் பதினொரு மணி. ஆனாலும் பயந்தேன்.

சஜ்ஜாத் யார் என்று சொல்லிவிடுகிறேன். பஜாரில் எனக்கு அடுத்த கடை அவனுடையது. வீட்டில் செய்த சாக்லேட், கவுஞ்சியிலிருந்து வரும் மலைப்பூண்டு, தைலம், தேன், காப்பித்தூள். கீழே கடை, மரப்படியேறினால் மேலே இரண்டு அறை வீடு. அவன், அவனைப் பெத்த அத்தா பஷீர் அகமது, மனைவி ஷிபானா, இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள் ரபியா. ஆள் வாயாடி. கல்லைக்கூட நிறுத்திவைத்து அதற்கு ஒரு சாக்லேட் விற்றுவிடுவான். என்னிடமே மாசத்துக்கு ஒரு பாட்டில் தைலம் விற்றான் என்றால் அவன் சாமர்த்தியம் எப்படி என்று தெரிந்துகொள்ளுங்கள். எனக்குத் தைல வாசனையே ஆகாது.

கொரோனா வந்து கடையெல்லாம் பூட்டிக் கிடந்தபோது அவன் சும்மா இருக்கமாட்டாமல் இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் ஆரம்பித்தான். கவுஞ்சி வீடுகளில் அடுப்புப் புகையில் தொங்கும் பூண்டுக் கொத்து, ஷிபானா தட்டில் துண்டு போடும் சாக்லேட், பனி இறங்கிய ரோடு. இப்படிப் படமாகப் போட்டான். பார்த்தவர்கள் பார்சல் கேட்டார்கள். சீசன் கூட்டம் இரண்டு மூன்று மாசம்தான். மிச்ச நாளெல்லாம் அந்தக் குடும்பம் சாப்பிட்டது இந்தப் பார்சலில்தான்.

எல்லாக் கடைக்காரனும் படம் போடுகிறான். சஜ்ஜாத்துக்கு மட்டும் ஏன் அவ்வளவு ஆள் சேர்ந்தது என்றால், அவன் தினமும் வெள்ளனே ஆறு மணிக்கு ரோட்டைப் படமெடுத்துப் போடுவான். வத்தலக்குண்டு ரோடு பரவாயில்லை, பழனி ரோட்டில் பனி, அடுக்கம் ரோடு இன்னிக்கு வேண்டாம் என்று கீழே எழுதுவான். அதைப் பார்த்துவிட்டு வண்டியெடுத்தவர்கள் ஏராளம். வருகிறவர்கள் நேராக அவன் கடைக்கு வந்து, பாய் நீங்க சொன்னது சரியா இருந்துச்சு என்று சொல்லி இரண்டு கிலோ சாக்லேட் வாங்கிப் போவார்கள். அவனுடைய யாவாரமே அந்த நம்பிக்கைதான்.

ஆடி மாசக் கடைசியில் காப்பிக்கொட்டை எடுக்க அடுக்கத்துக்கு பைக்கில் போனவன், ஒரு வளைவில் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தான். அங்கே டீக்கடை வைத்திருக்கும் மலைச்சாமிதான் இறங்கித் தூக்கினான். உயிர் இல்லை. முப்பத்தாறு வயசு.

ஷிபானா இத்தாவில் உட்கார்ந்தாள். புருஷனை இழந்த பெண் நாலு மாசம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வராமல், அந்நிய ஆம்பளைகள் முன்னால் நிற்காமல் இருப்பது அவர்கள் முறை. தெருவுக்கு எதிரே லாட்ஜ். அதன் பால்கனியில் எந்நேரமும் டூரிஸ்டுகள் நிற்பார்கள் என்று மாடி ஜன்னலுக்குக் கனத்த துணி போட்டுவிட்டார்கள். நான் பெண் என்பதால் போகலாம். தினமும் மத்தியானம் ரசமோ கஞ்சியோ எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து பஜார் கதையெல்லாம் சொல்லிவிட்டு வருவேன். அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். பழனி பஜாரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பத்து வருஷத்தில் அவள் என்னிடம் பேசியதைச் சேர்த்து எழுதினால் ஒரு பக்கம் வராது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ஜாதி.

அன்றைக்கு ரசம் கொண்டுபோகவில்லை. வெறுங்கையோடு படியேறினேன். ஷிபானா வெள்ளைத் துப்பட்டாவோடு பாயில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சஜ்ஜாத்தின் செல். என்னைப் பார்த்ததும் அதைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

"ஏ புள்ள, நீயா?" என்றேன். வேறெதுவும் கேட்கவேண்டியிருக்கவில்லை.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "அவரு போன பதினோராம் நாளு அக்கா," என்றாள். "பூண்டு ரெண்டு கிலோ அனுப்புங்க பாய்னு ஒருத்தரு கேட்டாரு. போன் பூட்டக் கோடு போட்டுத் தெறக்க ரபியாவுக்குத்தான் தெரியும், அவதான் தெறந்து குடுத்தா. அவரு மௌத்தாயிட்டாருன்னு அடிச்சேன். அழிச்சேன். மறுபடி அடிச்சேன். அனுப்பக் கை வரல. சரிண்ணே, நாளைக்கே போட்டு விடுறேன்னு அனுப்பிட்டேன். அவ்வளவுதான்க்கா. அதுக்கப்புறம் நிறுத்தத் தெரியல."

"அதுக்காக செத்தவன் பேர்லயா?"

"என் பேர்ல பேசுனா இத்தால இருக்குற பொம்பள ஊர் ஆம்பளைகளோட பேசுறேன்னு ஆயிரும். மார்க்கத்துல எங்கயாச்சும் எழுதியிருக்கான்னு கேக்காதீங்க, எங்க வீட்ல அப்படித்தான். அவரு பேர்ல எழுதுனா என் குரல் யாருக்கும் கேக்காது. கடையும் சாகாது."

மாமனார் கீழே பொட்டலம் கட்டுகிறார், கூரியர்காரன் வந்து எடுத்துப் போகிறான், இவள் மேலே உட்கார்ந்து சஜ்ஜாத்தாக இருக்கிறாள். அவன் எழுதியதையெல்லாம் ஆரம்பத்திலிருந்து படித்திருக்கிறாள். சின்னப் பையன் என்றால் ப்ரோ, மீசைக்காரர் என்றால் அண்ணே, தினம் காலையில் ஒரு படம். செல்லுக்குள் அவன் எடுத்து, போடாமல் விட்ட படங்கள் ஆயிரக்கணக்கில் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டிருக்கிறாள். ஜன்னலைத் திறக்காமலே ஊருக்குப் பனி காட்டியிருக்கிறாள்.

"இத படிங்க," என்று ஒன்றை எடுத்துக் காட்டினாள். ராஜபாளையத்து சேனாதிபதி என்று ஒருவர். நூல் மில்லில் சூப்பர்வைசர். மூன்று வருஷமாக சஜ்ஜாத்தோடு எழுதிக்கொண்டிருந்தவர், ஒரு நாளும் நேரில் வந்ததில்லை. பிள்ளையில்லாத கவலையை வேறு யாரிடமும் சொல்லமுடியாமல் இவனிடம் கொட்டியிருந்தார். துவா செய்றேண்ணே, கண்டிப்பா பொறக்கும் என்று சஜ்ஜாத் எழுதியிருந்தான். சித்திரையில் குழந்தை பிறந்தும்விட்டது. ஓரிடத்தில் அவர் உங்க வீட்ல எப்படி பாய் என்று கேட்டிருக்கிறார். அதற்கு இவன் பதில்: 'என் பொஞ்சாதி பேசமாட்டா அண்ணே. நான் வெறும் வாயி. கடை அவ கைதான்.'

"பத்து வருசத்துல ஒரு நாளாச்சும் என்கிட்ட இத சொன்னாராக்கா?" என்றாள். அப்போதுதான் அழுதாள். என்ன பாவமோ, நானும் அழுதேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியமும் செய்து கொடுத்துவிட்டு இறங்கினேன்.

கீழே பஷீர் பாய் நூல்கண்டோடு உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே, "தெரியும் தங்கச்சி," என்றார். "மாடில அந்த போனு டிங்குனு சத்தம் போடும்ல, அப்ப அவன் மேல இருக்கான்னு நெனச்சுக்குவேன். அவகிட்ட ஒண்ணும் சொல்லாத. விட்ரு." அதற்குப் பிறகு எனக்கும் அந்தச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. இரண்டு கடைக்கும் நடுவில் ஒரே பலகைச் சுவர். யாரோ செத்தவனைக் கூப்பிடுகிறார்கள், செத்தவன் பதில் சொல்கிறான் என்று ஒவ்வொரு டிங்குக்கும் என் நெஞ்சு திக்கென்றது. கடையை அடைத்து வீட்டுக்குப் போன பிறகும் காதில் அதுதான்.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் ஈரோட்டிலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். சஜ்ஜாத் தம்பிக்கு என்று புதுச்சட்டை எடுத்து வந்திருந்தார்கள். தம்பி வெளியூர் போயிருக்கான் என்று பஷீர் பாய் சொன்னார். சொல்லிவிட்டு அந்தச் சட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவர் முகத்தை என்னால் பார்க்கமுடியவில்லை. எனக்கு வந்ததே கோபம்! இரண்டு இரண்டு படியாகத் தாண்டி மேலே போனேன்.

"செத்தவனுக்குச் சட்டை வாங்கிட்டு வந்து நிக்கிறாங்கடி! பெத்த தகப்பன் அத வாங்கி மடில வச்சிருக்காரு. இதுக்குப் பேரு யாவாரமா? சொல்லித் தொலையேன், ஆளு இல்லைன்னு!"

"சொல்லிட்டா அவரு நெசமாவே செத்துருவாருக்கா," என்றாள்.

"அவன் செத்துட்டான்! நீதான் பாடைல படுக்கவிடாம இழுத்துப் பிடிச்சு உக்காந்திருக்க!"

சொல்லியிருக்கக்கூடாது. சொல் வாயைவிட்டுப் போன பிறகு பிடிக்கவா முடியும்? அவள் முகம் செத்துவிட்டது. மன்னிப்பு கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது, அதுதான் என்னிடம் பெரிய கோளாறு. வீராப்பாக இறங்கிவந்தேன். ஆறு நாள் மாடிக்குப் போகவில்லை. அந்த ஆறு நாளில் வெளியே என்ன நடக்கிறது என்று அவளுக்குச் சொல்ல ஒருத்தரும் இல்லை. அதை நான் யோசிக்கவேயில்லை.

ஏழாவது நாள், அதாவது அவன் போய் எழுபத்தோராவது நாள், காலை எட்டு மணி இருக்கும். கடைக் கதவுப் பலகையை எடுத்துக்கொண்டிருந்தேன். பஷீர் பாய் தன் பழைய செல்லை நீட்டியபடி வந்தார். "அடுக்கத்துலேர்ந்து மலைச்சாமி. என்னமோ படம் படம்ங்கிறான். எனக்கு வெளங்கல, நீ கேளு."

வாங்கிக் காதில் வைத்தேன்.

"யாரு, ராஜகுமாரியக்காவா? ஏக்கா, அங்க என்ன கூத்து நடக்குது? ராத்திரி இங்க பேய்மழை. கும்பக்கரைக்கு எறங்குற எங்க அடுக்கம் ரோட்டுல மண்ணு சரிஞ்சு பாதி ரோட்டக் காணோம். செத்துப்போன அண்ணே அடுக்கம் ரோடு சூப்பரு, வாங்கன்னு படம் போட்டிருக்காராம். எங்க அண்ணன் மகன் காட்டுறான். அண்ணே நம்பருக்கு ரெண்டு தடவ அடிச்சேன், கட் பண்ணி விடுறாங்க. யாருக்கா போடுறது?"

கொடைக்கானலில் அன்றைக்கு ஒரு பொட்டு மழை இல்லை. மேலே வெயிலும் கீழே மழையுமாக இருப்பது இந்த மலையில் அதிசயமா என்ன? மாடியில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தகரக்கூரை சத்தம் போடவில்லை என்பதுதான்.

"அண்ணே தெனமும் என்னைய கூப்புட்டு, மலைச்சாமி ரோடு எப்படின்னு கேட்டுட்டுத்தான்க்கா போடுவாரு," என்றான் அவன். அதை சஜ்ஜாத் பேசிக் கேட்டிருக்கிறான், எழுதிக் கேட்கவில்லை. ஷிபானா படித்ததெல்லாம் எழுத்து. பேசியது செல்லில் எங்கே இருக்கும்? அவன் ஒருநாளும் விசாரிக்காமல் போட்டதில்லை என்பது அவளுக்குத் தெரியாமலே போய்விட்டது.

"இன்னொண்ணு," என்றான் மலைச்சாமி. அவன் குரல் இறங்கிவிட்டது. "அந்தப் படத்துல ஒரு தடுப்புச்சுவரு தெரியுது பாருங்க. அந்தச் சுவரத் தாண்டித்தான் அண்ணே உழுந்தாரு. அந்த வளைவுதான்க்கா. இப்ப மண்ணு சரிஞ்சிருக்கிறதும் அங்கதான்."

நான் எப்படிப் படியேறினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஷிபானா செல்லைப் பிடித்தபடி சுவரோரம் நின்றிருந்தாள். "யாரோ கூப்புட்டுக்கிட்டே இருக்காங்கக்கா, ஆம்பள பேரு வருது, எடுக்கல," என்றாள். சண்டையெல்லாம் எங்களுக்கு மறந்துவிட்டது. செல்லை வாங்கிப் பார்த்தேன். நீல வானம், ஈரம் காயாத தார், ஓரத்தில் வெள்ளைச் சுவர். கீழே 'அடுக்கம் ரோடு சூப்பர். தைரியமா வாங்க.'

"இந்தப் படத்த எங்கேருந்து எடுத்த?"

"கடைசிப் படம்க்கா. அதுக்கப்புறம் அவரு எதுவும் எடுக்கல. தெறக்கப் பயந்துக்கிட்டு விட்டு வச்சிருந்தேன். சேனாதிபதி அண்ணே நேத்து சாயந்தரம், நாளைக்குப் புள்ளையத் தூக்கிட்டு வர்றோம், அடுக்கம் வழி எப்படின்னு காலைல படம் போடுங்க பாய்னு கேட்டாரு. அடுக்கம் ரோட்டுல போடாத படம் இது ஒண்ணுதான் இருந்துச்சு. ரோடு நல்லாத்தானக்கா இருக்கு இதுல?"

அவன் அந்த வளைவில் வண்டியை நிறுத்திப் படமெடுத்திருக்கிறான். அங்கே டவர் கிடைக்காது. மேலே ஏறிப் போடலாம் என்று வண்டியைக் கிளப்பியவன், அந்த ஈரத்தில்தான் சறுக்கியிருக்கிறான். நான் அவளிடம் இதையெல்லாம் மெதுவாகச் சொல்ல நேரம் இல்லை. "அவன் விழுந்த எடம்டி அது. அங்க இப்ப பாதி ரோடு இல்ல," என்றேன்.

அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்போது கையிலிருந்த செல் டிங் என்றது. சேனாதிபதிதான். 'பெரியகுளம் தாண்டிட்டோம் பாய். உங்க படத்தப் பாத்துட்டு அடுக்கம் ரோட்டுல ஏறுறோம். மலை தெரியுது. புள்ள உங்களத்தான் தேடுறான்.'

வராதீங்க, வராதீங்க, வராதீங்க என்று அவள் அடித்தாள். எதையும் அவர் பார்த்ததாகக் காட்டவில்லை. மறுபடி வண்டியைக் கிளப்பிவிட்ட மனுஷன் எப்படிப் பார்ப்பார்? பழைய பார்சல் விலாசத்தில் அவர் நம்பர் இருந்தது. நானே சஜ்ஜாத் செல்லிலிருந்து கூப்பிட்டேன். ஐந்தாறு தடவை மணி அடித்த பிறகு எடுத்தார்.

"பாய்! மொத தடவ கூப்புடுறீங்க!" அப்படியொரு சந்தோஷம் அந்தக் குரலில்.

"ஹலோ, நான் பக்கத்துக் கடை ராஜகுமாரிங்க. ரோட்டுல மண்ணு சரிஞ்சிருக்கு. மேல ஏறாதீங்க, வண்டியத் திருப்புங்க!"

"ஸ்வெட்டர் அக்காவா? பாய் நெறையச் சொல்லியிருக்காரு." சிரித்தார். பின்னால் குழந்தை ஏதோ மழலையில் கத்திக்கொண்டிருந்தது. "இங்க வெயிலு பளிச்சுனு அடிக்குதுக்கா. பாய்தான் காலைலயே படம் போட்டுட்டாரே. அவரு ஒருநாளும் தப்பாப் போட்டதில்ல. அவருகிட்ட குடுங்க."

"அவரு இல்லைங்க."

"அவரு போன்லதானக்கா பேசுறீங்க?"

"அவரு செத்துப் போயிட்டாருங்க!" என்று கத்தினேன்.

அதைக் கேட்டதும் அவர் குரல் மாறிவிட்டது. "நல்ல நாள்ல புள்ளையோட வந்துக்கிட்டிருக்கோம். இப்படியாக்கா வெளயாடுறது? நேத்து ராத்திரிகூட மெசேஜ் போட்டாரு. பாயே சொல்லட்டும், நான் திரும்புறேன்." வண்டி கியர் மாறி ஏறுகிற சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது.

ஷிபானா என் கையிலிருந்து செல்லைப் பிடுங்கினாள். அவள் உதடு வெளுத்துப் போயிருந்தது.

"அண்ணே," என்றாள். எழுபத்தோரு நாளில் ஒரு அந்நிய ஆம்பளைக்கு அவள் குரல் கேட்டது அப்போதுதான். "நான் அவரு பொஞ்சாதி. ஷிபானா. அவரு மௌத்தாயி எழுபத்தோரு நாளாச்சு. உங்களுக்குப் பதில் போட்டுக்கிட்டிருந்தது நான். புள்ளைக்குக் காய்ச்சல்னு சொன்னீங்களே, கஷாயம் சொன்னது நான். நேத்து ராத்திரி வாங்கண்ணே, காத்திருக்கேன்னு எழுதுனதும் நான்தான். அந்தப் படம் அவரு கடைசியா எடுத்தது. அங்கதான் உழுந்தாரு. அந்த எடத்துக்குத்தான் நீங்க போய்க்கிட்டிருக்கீங்க. அல்லாஹ்வுக்காக நிறுத்துங்க. புள்ளையத் தூக்கிட்டு எறங்கிருங்க. அவரு செத்துட்டாரு அண்ணே, செத்துட்டாரு, செத்துட்டாரு..."

நான் பிடிக்கும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். லைன் எப்போதோ அறுந்துவிட்டிருந்தது. எவ்வளவு கேட்டார், கேட்டாரா இல்லையா, ஒன்றும் தெரியாது. திரும்பக் கூப்பிட்டால் எல்லைக்கு வெளியே என்றது.

படிக்கட்டில் பஷீர் பாய் பாதியில் உட்கார்ந்துவிட்டார். மருமகள் கத்தியதெல்லாம் அவருக்குக் கேட்டிருந்தது. மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் முருகனையும் கூப்பிட்டேன், பள்ளிவாசலையும் கூப்பிட்டேன். வேளாங்கண்ணி மாதாவைக்கூட விடவில்லை. ஆறு நாள் வீம்பு பிடிக்காமல் இருந்திருந்தால் நேற்றே அவள் என்னிடம், அடுக்கம் ரோடு எப்படிக்கா என்று கேட்டிருப்பாள். என் வாயும் என் வீம்பும்! அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் இன்றைக்கு உங்களிடம் உட்கார்ந்து இதைச் சொல்லிக்கொண்டிருக்கமாட்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்து மலைச்சாமி கூப்பிட்டான். "சரிவுக்கு ரெண்டு வளைவு கீழ ஒரு காரு நிக்குதுக்கா. நடந்து எறங்கிப் போய்ப் பாத்தேன். அந்தம்மா புள்ளையோட வண்டிக்குள்ள இருக்கு. அவரு ரோட்டு ஓரத்துல உக்காந்து அழுவுறாரு. எந்திரிங்கன்னா எந்திரிக்கமாட்டேங்குறாரு. சொந்தக்காரவுகளா?"

"ஆமா," என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர்கள் ஊருக்குத் திரும்பிப் போய்விடுவார்கள் என்றுதான் நினைத்தேன். திட்டுவார்கள், போலீசுக்குக்கூடப் போவார்கள் என்று நினைத்தேன். சாயந்தரம் நாலு மணிக்கு வத்தலக்குண்டு ரோடு சுற்றிக் கொடைக்கானல் வந்து சேர்ந்தார்கள். சேனாதிபதி கட்டையான, வழுக்கை விழுந்த மனுஷர். கடைக்குள் வந்து சஜ்ஜாத் உட்காரும் முக்காலியைப் பார்த்தபடி நின்றார். பஷீர் பாய் எழுந்து வந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

சேனாதிபதி மாடிக்குப் போகமுடியாது, ஷிபானா கீழே வரமுடியாது. சேனாதிபதியின் மனைவி மேலே வர மறுத்துவிட்டாள். கோபமாக இருந்தாள், அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் மடியிலிருந்த குழந்தையை எடுத்து என்னிடம் நீட்டினாள். "அந்த அக்காகிட்ட காட்டிட்டு வாங்க. இவரு அதுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தாரு," என்றாள்.

ஆறு மாசத்துக் குழந்தை, நல்ல கனம். தூக்கிக்கொண்டு மேலே போய் ஷிபானா மடியில் வைத்தேன். அது அவள் துப்பட்டாவை இழுத்து வாயில் வைத்துச் சப்பியது. அவள் அதன் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தாள். பக்கத்தில் பாயில் கிடந்த செல் டிங் என்றது.

கீழேயிருந்து அவர்தான் அனுப்பியிருந்தார். அத்தனையும் காதால் கேட்டுவிட்டு, நேரில் வந்தும் பார்த்துவிட்டு, கடையில் நின்றபடி அந்த மனுஷன் எழுதியிருந்தார்: 'பாய், புள்ளையப் பாத்தீங்களா?'

ஷிபானா அதை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை, என் வாழ்க்கையில் அது அபூர்வம். ஒரு கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். அழிக்கவில்லை. அனுப்பிவிட்டு என்னிடம் காட்டினாள்.

'அவரு பாக்கலண்ணே. நான் பாத்தேன். ஷிபானா.'

கீழே அந்த மனுஷன் வாய்விட்டு அழுதது பலகை வழியாக மேலே வரைக்கும் கேட்டது. அவரோடு சேர்ந்து பஷீர் பாயும் அழுதார், மகன் போனதிலிருந்து அவர் அழுது நான் கேட்டதில்லை. எனக்கும் அப்போதுதான் சஜ்ஜாத் செத்துப்போனது உறைத்தது.